நோட்டரியும் நொத்தாரிசும்: சொல் ஒன்று, அதிகாரம் வேறு

முத்திரைத்தாள், கீழே இரண்டு கையெழுத்து, பக்கத்தில் வட்டமான ரப்பர் முத்திரை, ஓரத்தில் ஒட்டிய சிவப்பு நட்சத்திரம். மனைக்கான முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு இந்தக் காகிதத்தை வாங்கி வைத்திருந்த ஒரு பெரியவர், "நோட்டரி போட்டாச்சு தம்பி, எல்லாம் முடிஞ்சுது" என்று என்னிடம் நீட்டினார். முடியவில்லை. சட்டப்படி அந்த மனை இன்னும் விற்றவருடையதாகவே இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனமே வரவில்லை.

இதையே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், "நொத்தாரிசு முன்னால உறுதி எழுதியாச்சு" (உறுதி என்றால் பத்திரம்) என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் சரியாக இருந்திருக்கும். இரண்டும் ஒரே வேரில் வந்த சொற்கள்தான். நோட்டரி ஆங்கிலம் வழியாகவும், நொத்தாரிசு டச்சுக்காரர்களின் 'நோட்டாரிஸ்' வழியாகவும் தமிழுக்கு வந்தன. ஆனால் பாக் நீரிணையின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம்.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, காணி கைமாற வேண்டுமானால் பொதுவாக நொத்தாரிசு முன்னிலையில்தான் உறுதி முடிக்க வேண்டும். கொடுப்பவரும் இரண்டு சாட்சிகளும் நொத்தாரிசும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து கையெழுத்திட வேண்டும். உறுதியை வாசித்துக் காட்டி விளக்குவதும் அவர் கடமை. மூலப் பிரதி வாங்கியவரிடம் போகும், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், இன்னொன்று நொத்தாரிசிடமே இருக்கும். அதனால்தான் ஊரில் உறுதி தொலைந்தால், "எழுதின நொத்தாரிசு ஆர்?" என்ற கேள்வி முதலில் வருகிறது. அங்கேயும் பதிவை அலட்சியம் செய்யக் கூடாது. பதியாத உறுதி செல்லாது என்றில்லை. ஆனால் அதே காணியைப் பிறகு விலை கொடுத்து வாங்கிய ஒருவர் தன் உறுதியை முதலில் பதிந்துவிட்டால், மோசடி இல்லாத பட்சத்தில் அவர் கை ஓங்கிவிடும்.

இந்தியாவில் கதை வேறு. இங்கே நோட்டரிக்கு 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம் இருக்கிறது. கையெழுத்திட்டவர் இவர்தான் என்று சான்றளிப்பது, சத்தியம் செய்வித்து உறுதிமொழிப் பத்திரம் வாங்குவது, நகலை மூலத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்வது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது, பணம் தராத உண்டியலை, அதாவது மாற்றுச் சீட்டை, குறித்து வைப்பது போன்றவை அவர் வேலைகள். சொத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும் அதிகாரம் இந்தப் பட்டியலில் இல்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியே தீர வேண்டும். இன்று 100 ரூபாய்க்குள் அடங்கும் மனை எங்கே இருக்கிறது? ஆக, எல்லா மனைக்கும் இதுதான் விதி. பவர் பத்திரமும் (நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) விற்பனை ஒப்பந்தமும் மட்டும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறியதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அப்புறம் கல்யாணம். நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டால் திருமணம் பதிவாகிவிடும், இன்னொரு கையெழுத்துப் போட்டால் விவாகரத்தும் ஆகிவிடும் என்று நம்பிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டுமே நடக்காது. நோட்டரி திருமணப் பதிவு அலுவலர் இல்லை. இப்படிப்பட்ட பத்திரங்களைப் போட்டுத் தரக் கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் நோட்டரிகளையே எச்சரித்தது. இந்தக் காகிதத்தை நம்பி ஏமாறுவது பெரும்பாலும் பெண்கள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உயிலுக்கு இங்கே நோட்டரி தேவையே இல்லை. பொதுவாக இரண்டு சாட்சிகள் சரியாகக் கையெழுத்திட்டால் போதும், பதிவும் கட்டாயம் இல்லை. இலங்கையில் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும்.

மற்ற சொற்களும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பத்திரம் அங்கே உறுதி. இங்கே அஃபிடவிட் அல்லது உறுதிமொழிப் பத்திரம் என்பது அங்கே சத்தியக்கடதாசி. அதை முடித்துத் தர சமாதான நீதவானிடம் (ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்) போகலாம். இங்கே பவர் என்பதை அங்கே அற்றோணித் தத்துவம் என்பார்கள். 'தத்துவம்' என்ற சொல் அதிகாரம் என்ற பொருளில் நிற்பதைப் பார்த்து மெய்யியலோ என்று மலைக்க வேண்டாம். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டுக் காகிதங்களைப் படித்துக் காட்டும்போது இந்தச் சொற்களை அருகருகே வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் இந்தியச் சொத்தை விற்கவோ பதியவோ ஒருவருக்குப் பவர் கொடுக்கலாம். அந்த நாட்டு நோட்டரி முன்னிலையிலோ இந்தியத் தூதரகத்திலோ கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். பலர் தவறவிடுவது இந்த மூன்று மாதத்தைத்தான். பத்திரத்தைப் பதிய இன்னொருவரை அனுப்ப நினைக்கும் ஒருவர் இந்தியாவிலேயே குடியிருந்தால் நோட்டரி முத்திரை போதாது, அந்தப் பவரைப் பதிவாளர் முன்னிலையிலேயே முடிக்க வேண்டும்.

சரி, நோட்டரி உண்மையிலேயே தேவைப்படும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் நேரில் போங்கள். வேறு யாரிடமோ கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்து முத்திரை மட்டும் வாங்கி வரச் சொல்லாதீர்கள். முத்திரையில் நோட்டரியின் பெயர், அவர் பணிபுரியும் எல்லை, பதிவு எண், அவரை நியமித்த அரசு எது என்பவை இருக்க வேண்டும். அவருடைய சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அதனால் தேதியைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. கட்டணப் பட்டியல் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியம், அவர் மேசையில் இருக்கும் பதிவேடு. உங்கள் காகிதத்துக்கு அதில் ஒரு வரிசை எண் விழ வேண்டும், பக்கத்தில் நீங்களும் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் யாராவது "இது பொய்க் கையெழுத்து" என்றால் அந்தப் பதிவேடுதான் உங்கள் பக்கம் பேசும். வெறும் நகல் என்றால் சுயசான்றொப்பம், அதாவது நீங்களே கையெழுத்திட்டுச் சான்றளிப்பது, போதுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள், பல இடங்களில் போதும்.

அந்தப் பெரியவருக்கு விற்றவர் இன்னும் ஊரிலேயே இருந்தார். அது நல்லதாயிற்று. அடுத்த வாரமே இருவரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன், அந்த மனையின் பழைய பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு.