சருகு பார்க்கும் வேலை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மழை நின்று எவ்வளவோ நாளாச்சு. சித்திரை வெயிலிலும் தாமிரபரணியில் தண்ணீர் ஓடுதே, எங்கிருந்து வருது?"

பாதி விடை அவருக்கே தெரிந்திருக்கும். காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் இருக்கின்றன. பொதிகைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. மீதி விடை களக்காடு முண்டந்துறைக் காட்டின் தரையில் கிடக்கிறது.

பெரிய மழைத்துளி வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழும். வெறும் மண்ணில் மோதினால் மண்கட்டி சிதறி, நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். பிறகு பெய்கிற மழை உள்ளே இறங்க வழியில்லாமல், மண்ணையும் இழுத்துக்கொண்டு மேலோடு ஓடும்.

மரம் துளியைத் தடுக்காதா? இங்கேதான் வேடிக்கை. இலை நுனியில் தண்ணீர் சேர்ந்து, முன்னைவிடப் பெரிய துளியாகச் சொட்டுகிறது. பத்து மீட்டர் உயரமிருந்தால் போதும், இழந்த வேகம் கிட்டத்தட்டத் திரும்பிவிடும். தேக்கு மாதிரி அகல இலை மரங்களின் அடியில் சருகு எரிந்து தரை மொட்டையாகக் கிடந்தால், திறந்தவெளியைவிட அதிகமாகவே மண் அரிக்கக்கூடும். ஆக, அடியை வாங்கிக்கொள்வது உச்சிக்கிளை அல்ல, சருகு. அதைத் தின்ன வரும் மண்புழுவும் கரையானும் மண்ணில் வளை போடுகின்றன. செத்த வேர்கள் மட்கிக் குழாய்களாகின்றன. பூஞ்சை இழைகள் மண்துகள்களைச் சேர்த்துப் பிடிக்கின்றன. இந்த வழிகளில் இறங்கிய தண்ணீர் சரிவுக்குள் ஊர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து ஓடையில் கசிகிறது. நாம் குப்பை என்று கூட்டித் தள்ளுவது இத்தனையும் செய்கிறது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

காடு தண்ணீரை உண்டாக்குவதில்லை. தன் பங்கை உறிஞ்சி ஆவியாக விட்டுவிட்டு, மிச்சத்தைத் தவணையில் தருகிறது.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டுகிறது. வறண்ட நாட்கள் நீண்டால் காட்டுத்தீ சருகைத் தின்றுவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, சமவெளியில் பெய்த அந்த மழைக்கு மலைக்காட்டிடம் பதில் இல்லை. அது குளங்களும் கால்வாய்களும் தாங்க வேண்டிய மழை. ஆனால் மலையில் அரித்த மண் அணையையும் குளத்தையும்தான் தூர்க்கிறது. காடு வனத்துறைக்கு, ஆறு நீர்வளத்துறைக்கு, வயல் வேளாண்துறைக்கு என்று தனித்தனிக் கோப்பில் திட்டம் போட்டால் இந்தச் சங்கிலி யார் கண்ணிலும் படாது.

சேர்ந்து செய்ய முடியாததல்ல. 1990களில் உலக வங்கி உதவியோடு, இந்தக் காட்டை ஒட்டிய ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைத்து, விறகுக்கு மாற்றாகச் சாண எரிவாயுவும், தொழிலுக்குச் சிறுகடனும் கொடுத்தார்கள். விறகும் மேய்ச்சலும் குறைந்தால் சருகு தரையில் தங்கும். இன்று மரக்கன்று நடும் விழாவுக்குப் பணம் எளிதில் கிடைக்கிறது; ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளப்பதற்குக் கேட்டுப் பாருங்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று துணியை ஆற்றில் விடுகிறவர்களும் அந்தத் துணிக் காசை ஒரு மழைமானிக்குத் தரலாம், புண்ணியம் குறையாது.

வாசகிக்குத் தென்னந்தோப்பும் இருக்கிறதாம். மட்டையையும் ஓலையையும் எரிக்காமல் மூடாக்காகப் பரப்பட்டும். அடுத்த மழையில், மூடிய பாத்தியிலும் மூடாத பாத்தியிலும் எது முதலில் கலங்கி வழிகிறது என்று பார்த்து எழுதினால் நன்றி.