சூனியோன் முனைக்குத் தனி வண்டியா? முதலில் நேரத்தைப் பேசுங்கள்

"கோயிலைப் பார்த்தோம் தம்பி, ஆனா கார் நிறுத்துற இடத்துல இருந்துதான் பார்த்தோம்."

கிரீஸில் ஏதென்ஸ் போய், அங்கிருந்து சூனியோன் முனையில் இருக்கும் பழைய கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு பெரியவர் போனில் சொன்னது இது. குடும்பமாக ஆறு பேர். இணையத்தில் பார்த்துத் தாங்களே ஒரு தனி வண்டியைப் பேசியிருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி வாரம். காலை 11 மணிக்குக் கிளம்பி, கடற்கரை, ஏரி, சாப்பாடு, கடை, மறுபடி ஒரு கடற்கரை என்று ஊர் ஊராக நிறுத்தி, முனைக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழேகால். சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாசலில் இருந்தவர் கையை விரித்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

தென்னிந்தியக் குடும்பங்களுக்கு ஐரோப்பியப் பயணம் ஏற்பாடு செய்வதுதான் பல வருடங்களாக என் வேலை. கிரீஸில் நான் அதிகமாக அனுப்பும் ஒருநாள் பயணம் சூனியோன். பேரைக் கேட்டதும் "சூனியமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், நம் சூனியத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது அந்த ஊரின் பழைய பெயர். ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா நிலப்பகுதி தெற்கே கடலுக்குள் முடியும் இடம் அது. ஏதென்ஸிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கடலுக்கு 60 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில், கடல் தெய்வமான பொசைடனின் கோயில் இடிந்து நிற்கிறது. கி.மு. 440களில் கட்டியது.

அங்கே போக அரசு அனுமதி பெற்ற பேருந்தும் உண்டு. கடற்கரைச் சாலையிலேயே போகும், இரண்டு மணி நேரம் போல ஆகும். இளவட்டங்கள் தாராளமாக அதில் போகலாம். திரும்பி வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஏறும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பா அம்மாவோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்குத்தான் நான் தனி வண்டி சொல்வது. அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சொகுசு சீட்டுக்கு இல்லை, எந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யும் உரிமைக்கு. அந்த உரிமையை வழியிலேயே தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் வாசலில் போய் நிற்கிறோம்.

விளம்பரங்களில் நிறுத்தங்களின் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் லாபம் என்று நமக்குத் தோன்றுகிறது. "எட்டு இடம் காட்டுறாங்க, நீங்க ரெண்டுதான் போட்டிருக்கீங்க" என்று என்னிடம் சண்டைக்கே வந்தவர்கள் உண்டு. ஒரு குடும்பத்தை வண்டியிலிருந்து இறக்கி, போட்டோ எடுத்து, ஒருவரைக் கழிப்பறைக்கு அனுப்பி, எல்லோரையும் திரும்ப ஏற்ற அரை மணி நேரம் ஆகிவிடும். எட்டு நிறுத்தம் என்றால் நான்கு மணி நேரம். அதில் கோயிலுக்கு மிஞ்சுவது நாற்பது நிமிடம்.

நான் போட்டுக்கொடுப்பது ஒரே ஒரு நிறுத்தம், அதுவும் வேண்டுமென்றால். பெரும்பாலும் வூலியாக்மேனி ஏரி. பாறைச் சரிவுக்கு அடியில் இருக்கும் உவர்நீர் ஏரி அது. நிலத்தடி ஊற்றுகளால் குளிர்காலத்திலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மற்றபடி கிளிஃபாடா, வார்கிசா, லகோனிசி, சரோனிடா எல்லாம் வண்டியில் இருந்தபடியே பார்க்க வேண்டிய ஊர்கள். போகும்போது கடல் முழுக்க வலது கை பக்கம்தான் வரும். அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம் என்பதால், டிரைவர் பக்கத்து சீட்டு கடலைப் பார்த்த சீட்டு. அதை வீட்டில் மூத்தவருக்குக் கொடுங்கள். பிற்பகலில் வெயிலும் அந்தப் பக்கம்தான் அடிக்கும், ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 8.50 ஆகும். டிசம்பரில் மாலை 5 மணி தாண்டியதும் மறைந்துவிடும். இடையில் கிட்டத்தட்ட நான்கு மணி நேர வித்தியாசம். ஒரே நிகழ்ச்சி நிரலை வருஷம் முழுக்க விற்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் போகும் தேதியில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது, நான் எத்தனை மணிக்கு வாசலில் இருப்பேன்? கோயில் வளாகத்தைச் சூரியன் மறைவதோடு மூடுகிறார்கள். அதற்குச் சற்று முன்னாலேயே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு உள்ளே இருப்பது போலக் கணக்குப் போடுகிறேன். கோடையில் மாலை நாலரைக்குக் கிளம்பினால் போதும். கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் காலையில் திறந்தவுடன் போவது இன்னும் நல்லது. சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அஸ்தமனத்துக்குத்தான் வருகின்றன.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது கோடையின் நடுப்பகல். "நம்ம ஊர் வெயில் பார்க்காத வெயிலா?" என்பார்கள். நம் ஊரில் மதியம் ஒரு மணிக்கு நாம் வெளியே நிற்பதில்லையே. அந்த முனையில் மரமே கிடையாது. நுழைவாயில் அருகே இருக்கும் உணவகத்தை விட்டு மேலே ஏறினால் நிழல் என்று ஒன்றும் இல்லை. வெள்ளைக் கல், வெள்ளை மண், கீழே பளபளக்கும் கடல். 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் அனல் தாங்காமல் ஏதென்ஸின் பழங்காலக் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸையே நண்பகல் முதல் மாலை 5 வரை மூடினார்கள்.

நான் அனுப்பிய ஒரு குடும்பத்திலேயே நடந்தது. அறையைக் காலி செய்யும் நேரத்தை ஒட்டி, நான் எழுதிக் கொடுத்ததை மாற்றிப் பகல் 12 மணிக்கே கிளம்பிவிட்டார்கள். கோயிலுக்கு ஏறும் பாதையில் அம்மாவுக்குக் கண் இருட்டிவிட்டது. அங்கிருந்த ஊழியர் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டு, கழுத்தில் ஈரத்துணி வைத்திருக்கிறார். ஏசி வண்டியில் அரை மணி நேரம் படுத்த பிறகு தெளிந்தார்கள். பிறகு நான் பேசியபோது அந்த அம்மா சொன்னது: "பாத்ரூம் எங்க இருக்குமோன்னு பயந்து காலையில இருந்து தண்ணியே குடிக்கலப்பா." அன்று காலையில் பிரஷருக்கான நீர் மாத்திரை வேறு போட்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கழிப்பறை எங்கே என்பதைக் கோயிலின் வரலாற்றுக்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நுழைவாயில் அருகே உணவகத்தை ஒட்டி இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள்தான் கவனிக்க வேண்டும். நீர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் பயண நாளில் என்ன செய்வது என்று கிளம்பும் முன் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வண்டி பேசும்போது இன்னொரு விஷயம். "டிரைவர் கம் கைடு" என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறுகிறார்கள். கிரீஸில் தொல்லியல் இடங்களுக்கு உள்ளே விளக்கம் சொல்ல, உரிமம் பெற்ற வழிகாட்டிக்கு மட்டுமே அனுமதி. டிரைவர் எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் வண்டியில் வரும்போது கதை சொல்லலாம், வாசலோடு நின்றுவிடுவார். அது அவர் குற்றமில்லை, அங்கே சட்டம் அப்படி. விளக்கம் வேண்டுமென்றால் வழிகாட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். வேண்டாமென்றால் வண்டிக்கு மட்டும் பேசுங்கள். நுழைவுச் சீட்டு சேர்ந்ததா, முனையில் எவ்வளவு நேரம் காத்திருப்பார், குழந்தைக்குத் தனி சீட்டு உண்டா, அனலாலோ தீயாலோ பயணம் ரத்தானால் பணம் என்ன ஆகும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே காரெடுத்து ஓட்டுவதாக இருந்தால், ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது தெரிந்ததுதான், ஆனால் இருட்டிய பிறகு அலுப்போடு திரும்பும்போதுதான் பழைய பழக்கம் தலைதூக்கும்.

வழிகாட்டி இல்லாமல் போகிறவர்களுக்காக, மேலே என்ன பார்ப்பது என்று கொஞ்சம் சொல்கிறேன். கட்டும்போது சுற்றிலும் 34 தூண்கள் இருந்தன. இன்று நிற்பவை பாதிக்கும் குறைவு. அவற்றிலும் சிலவற்றைப் பின்னாளில் எடுத்து நிறுத்தினார்கள். அக்ரோபோலிஸ் மேல் இருக்கும் பார்த்தீனன் கோயிலின் பளிங்கில் இரும்புச் சத்து உண்டு, அதனால் காலப்போக்கில் பொன்னிறம் ஏறியது. இங்கே பக்கத்திலேயே அக்ரிலேசா என்ற இடத்தில் வெட்டிய பளிங்கு; இரும்பு இல்லாததால் இன்றும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. தூண்களில் நெடுக ஓடும் பள்ளங்களை எண்ணிப் பாருங்கள். டோரிக் என்ற எளிய கிரேக்கப் பாணியில் செய்த அந்தக் காலத்துத் தூண்களில் வழக்கமாக 20 இருக்கும், இங்கே 16தான். உப்புக் காற்று அரிப்பதைக் குறைக்க அப்படிச் செய்தார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள்.

இந்தக் கோயிலுக்கு முன்னால் இதே இடத்தில் கட்டிக்கொண்டிருந்த கோயிலைப் பாரசீகப் படை கி.மு. 480இல் அழித்தது. அதே வருஷம் சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் ஜெயித்து, பிடித்த எதிரிக் கப்பல்களில் ஒன்றைச் சூனியோனில் காணிக்கையாக வைத்தார்கள். அந்தப் போருக்குக் கப்பல் கட்டப் பணம் வந்தது முனைக்குச் சற்று வடக்கே இருக்கும் லாவ்ரியோன் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து. சுரங்கத்தில் குனிந்து தவழ்ந்து வெட்டியவர்கள் அடிமைகள். கி.மு. 100ஐ ஒட்டி அவர்கள் கிளர்ந்தெழுந்து, இந்த முனையில் இருந்த கோட்டையையே பிடித்து வைத்திருந்தார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் தூணைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள். திரும்பும் வழியில் லாவ்ரியோன் ஊரைத் தாண்டித்தான் வண்டி வரும் என்றால், அந்த மலைகளைக் காட்டிச் சொல்லலாம்.

கவிஞர் பைரன் தன் பெயரை ஒரு கல்லில் வெட்டி வைத்ததாகச் சொல்லும் இடமும் உண்டு. கயிறு கட்டியிருப்பதால் கிட்டப் போய்ப் படிக்க முடியாது. இருநூறு வருஷம் முன்னால் ஒருவர் செய்ததைப் பார்த்து இன்று யாரும் சாவியை எடுக்க வேண்டாம். கீழே கிடக்கும் சின்னப் பளிங்குத் துண்டைக்கூட எடுத்துப் பையில் போடாதீர்கள். ஞாபகத்துக்கு ஒரு கல் என்று குழந்தை எடுத்தாலும், அங்கே அது சட்டப்படி குற்றம். கிளம்பும் முன் குழந்தைகளின் பைகளை ஒருமுறை பாருங்கள்.

காற்றைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள்கணக்கில் வீசும். தொப்பி பறந்தால் பறக்கட்டும், பின்னால் ஓடாதீர்கள். சில அடி தள்ளிப் பாறை முடிந்துவிடும். புடவை கட்டுகிறவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிப் பின் குத்திக்கொள்வது நல்லது. மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர், கோயில் என்று சொன்னதால் கயிற்றுக்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். அந்தப் பக்தி எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் வெயிலில் கிடந்த கல் சுட்டுக் கால் சிவந்துவிட்டது. செருப்போடு நிற்கலாம் அம்மா, அங்கே தவறில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழுக்காத, பின்பக்கம் வார் உள்ளதாக இருக்கட்டும், பாதை கரடுமுரடு.

சாப்பாட்டுக்குச் சைவக்காரர்கள் "நிஸ்திசிமோ" என்று கேட்டால் விரதச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் கணவாய், ஆக்டோபஸ், இறால் போன்றவை சேர்த்தி, அவற்றை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஃபாவா என்று ஒன்று கிடைக்கும். மஞ்சள் பருப்பை மசித்து எண்ணெய் ஊற்றியது. நம் பெரியவர்கள் மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுவார்கள்.

கடைசியாகத் தீ. 2023 ஜூலை 17 அன்று கூவராஸ் பக்கம் பிடித்த காட்டுத்தீ, காற்றில் சில மணி நேரத்திலேயே லகோனிசி, சரோனிடா, அனாவிசோஸ் வரை இறங்கிவிட்டது. நாம் போகும் அதே கடற்கரைச் சாலை. அதனால் கோடையில் அன்றைய தீ எச்சரிக்கையைக் காலையிலேயே பார்த்துவிட்டுத்தான் வண்டியை உறுதி செய்கிறேன். போனில் 112 என்று அலறலோடு செய்தி வந்தால், அதில் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். படித்து, எந்தப் பக்கம் போகச் சொல்கிறார்களோ அந்தப் பக்கம் உடனே கிளம்புங்கள். டிக்கெட் காசைப் பற்றி அப்போது பேச வேண்டாம். ஆபத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் 112தான்.

அந்தப் பெரியவர் குடும்பம் இந்த மே மாதம் மறுபடி போகிறது, இந்த முறை என் மூலமாக. வழியில் ஒரு நிறுத்தம்கூட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆறு மணிக்கு வாசலில் இருப்பார்கள். மே மாதத்தில் சூரியன் மறைய எட்டரை ஆகும். மேலே கவுதாரிகள் புதருக்குள் ஓடித் திரியும், பேரனுக்குக் காட்டுங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.