வெட்கம், நாணம், அவமானம்: எதற்கு எந்தச் சொல்?

"அவமானமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், வாங்கிய கடனைத் தராமல் ஏமாற்றிவிட்டுப் பிறகு மனம் கூசிச் சொல்லியிருக்கலாம், அல்லது கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் யாரோ அவரை மட்டம் தட்டியிருக்கலாம். முதலாவதில் தவறு அவருடையது. இரண்டாவதில் அவர் எதுவுமே செய்யவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் பழகிவிட்டதால், தப்பே செய்யாதவர்கூடத் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொள்கிறார் என்பது என் எண்ணம்.

அவமானம் வடசொல். மானம் என்றால் மதிப்பு, 'அவ' என்ற முன்னொட்டுக்குக் கீழ், தாழ்வு என்று பொருள். ஒருவரின் மதிப்பைக் கீழே இறக்குவதுதான் அவமானம், அதாவது பெரும்பாலும் அடுத்தவர் நமக்குச் செய்வது. தமிழில் இழிவு, சிறுமை, தலைக்குனிவு என்று சொல்லலாம்.

வெட்கம் தமிழ்ச் சொல்தான். வெள்குதல் என்றால் கூசுதல், நாணுதல். வெள்கு என்பது வெட்கு ஆகி, அதிலிருந்து வெட்கம் வந்தது. பழைய நூல்களில் வரும் இலச்சை மட்டும் வடமொழி லஜ்ஜையிலிருந்து வந்தது.

சரி, நாணம்? இன்று அதைக் கல்யாணப் பெண்ணின் முகத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். அடிச்சொல் நாண். திருக்குறளில் 102ஆம் அதிகாரமே 'நாணுடைமை', அதன் முதல் குறளிலேயே வள்ளுவர் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறார்:

"கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல்
நல்லவர் நாணுப் பிற."

தகாத செயலுக்குக் கூசுவதுதான் நாண், பெண்களின் கூச்சம் வேறு வகை என்கிறார். மலையாளத்தில் இன்றும் "நாணமில்லே?" என்றுதான் திட்டுகிறார்கள். நாம் அதே இடத்தில் "வெட்கமா இல்லை?" என்கிறோம்.

இப்படிக் கூசிக் குறுகும் உணர்வு எதனால் வருகிறது என்பதற்குத் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் இயலான மெய்ப்பாட்டியல் தரும் விடையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தன்னைத் தாழ்வாக உணர்வதற்கு அங்கே இளிவரல் என்று பெயர்:

"மூப்பே பிணியே வருத்தம் மென்மையொடு
யாப்புற வந்த இளிவரல் நான்கே."

மென்மை என்பதற்கு உரையில் நல்குரவு, அதாவது வறுமை என்று பொருள் சொல்வார்கள். முதுமை, நோய், துன்பம், வறுமை: இந்த நான்கில் ஒன்றாவது ஒருவர் செய்த தப்பா? ஆனாலும் புற்றுநோய் வந்ததைச் சொந்தக்காரர்களிடம் மறைக்கிறோம், கட்டணம் கட்ட முடியாத பிள்ளை வகுப்பில் எழுந்து நிற்கக் கூசுகிறது, கை நடுங்கிச் சோறு சிந்தும் தாத்தா பந்தியில் உட்கார மறுக்கிறார். அடுத்தவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்ற நினைப்பே இதையெல்லாம் செய்கிறது. மனிதர் முகம் சிவப்பதைப் பற்றி 1872இல் எழுதிய டார்வினும் காரணமாக இதையேதான் சொன்னார்.

1971இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் இன்னொரு வேறுபாட்டையும் காட்டினார். குற்றவுணர்வு செய்த செயலைப் பற்றியது. கூசிக் குறுகும் இந்த உணர்வோ அந்த ஆளையே குறிவைக்கிறது. "நான் செய்தது தப்பு" என்பவரால் மன்னிப்புக் கேட்க முடியும், "நானே தப்பு" என்று நினைப்பவர் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பார்.

அதனால் நான் எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். செய்த தவறுக்குக் கூசினால் நாண். பிறர் தாழ்த்தினால் இழிவு. நோயாலும் வறுமையாலும் ஒருவர் குறுகிப்போனால் இளிவரல். பேச்சில் அது வராது, ஆனால் எழுத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவர் "அவமானப்பட்டார்" என்று செய்தியில் வரும்போதெல்லாம் "நாணவில்லை" என்றோ "நாணினார்" என்றோ, எது உண்மையோ அதை எழுதினால் என்ன?