லூ ஆடும்போது கோடு என்ன செய்கிறது?

மசாக்கி யுவாசா இயக்கி 2017இல் வெளிவந்த ஜப்பானிய அனிமேஷன் படம் ‘லூ ஓவர் தி வால்’. ஒரு மீன்பிடி ஊரில் பள்ளியில் படிக்கும் மூன்று பேர் பாட்டுக்குழு நடத்துகிறார்கள். அவர்களுடைய இசை கேட்டு லூ என்ற குட்டிக் கடல்கன்னி வருகிறாள். பாட்டு ஒலித்தால் போதும், அவளுடைய மீன்வால் இரண்டு கால்களாகிவிடும், ஆட ஆரம்பித்துவிடுவாள். பிரான்சின் ஆன்சி அனிமேஷன் விழாவில் அந்த ஆண்டு முதல் பரிசு இதற்குத்தான். எனக்கு இதில் கதையைவிடப் பிடித்தது அதன் கோடுகள். ரப்பர் மாதிரி இழுபடும், ஆனால் எங்கேயும் பிசிறு இருக்காது.

அந்தக் கோடுகள் ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் பிறந்தவை. திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 அசையாத சட்டங்கள், ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு, மூன்று பிரேம்களுக்கு நிறுத்தி வைத்தாலும் நொடிக்கு 12 அல்லது 8 படங்கள் வேண்டும். வழக்கமான முறையில் மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை வரைவார். இடையில் வரும் படங்களை வேறு சிலர் வரைந்து நிரப்புவார்கள். ஃபிளாஷில் இந்த இடைப்படங்களில் பலவற்றைக் கணினியே போட்டுவிடும்.

எப்படி? கணினி கோட்டைக் கோடாக வைத்துக்கொள்வதில்லை. மூன்று புள்ளிகளாகத்தான் வைத்துக்கொள்கிறது: தொடக்கம், முடிவு, நடுவில் கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் ஒரு புள்ளி. ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். அ, ஆ, இ என்று முக்கோணமாக மூன்று புள்ளி வையுங்கள். அ–ஆ கோட்டின் நடுவைக் குறியுங்கள், ஆ–இ கோட்டின் நடுவையும் குறியுங்கள். அந்த இரண்டு நடுக்களையும் இணைத்து, அந்தக் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அது வளைகோட்டின் மேல் இருக்கும். பாதிக்குப் பதில் கால், முக்கால் என்று இதையே செய்துகொண்டே போனால் முழு வளைவும் வந்துவிடும். 1960களில் ரெனோ நிறுவனத்தில் கார் உடலின் வளைவுகளை வடிவமைக்க இந்த வகைக் கோடுகளைப் பயன்படுத்திய பியர் பெசியேயின் பெயரே இவற்றுக்கு நிலைத்துவிட்டது. எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிகளிலிருந்து கோடு புதிதாகப் போடப்படுவதால் ஓரம் உடையாது.

இனி அசைவு. முதல் படத்தில் ஒரு புள்ளி இடது ஓரத்திலிருந்து 10 அலகு தள்ளியும் அடுத்த முக்கியப் படத்தில் 20 அலகு தள்ளியும் இருந்தால், பாதி வழியில் 15. எல்லாப் புள்ளிகளுக்கும் இதே கணக்குதான். உள்ளே நிரப்பிய நிறமும் கோட்டோடு சேர்ந்தே நகரும்.

ஆனால் கணினியை அப்படியே விட்டுவிட்டால் வம்பு. கீழே தொங்கும் கையைப் பக்கவாட்டில் 90 பாகை தூக்குவதாக வைத்துக்கொள்வோம். விரல்நுனி வட்டமாகப் போக வேண்டும். கணக்கு அதை நேர்கோட்டில் இழுத்துப் போகிறது. பாதி வழியில் கையின் நீளம் 71 சதவீதமாகச் சுருங்கிவிடும்! அதனால் ஓவியர் அந்த நடுப்படத்தைத் தானே வரைந்து கொடுக்க வேண்டும். வேகத்தையும் அவர்தான் சொல்ல வேண்டும்: கிளம்பும்போது மெதுவாக, நடுவில் விரைவாக, நிற்கும்போது மறுபடி மெதுவாக.

அப்புறம் தாளம். நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில் ஓர் அடிக்குச் சரியாக 12 பிரேம். ஆடுகிறவரின் பாதம் முதல் பிரேமில் தரையைத் தொட்டால் அடுத்து 13, அதற்கடுத்து 25. ஊர்க்காரர்களின் கால்கள் அவர்களை மீறி ஆடும் காட்சி வரும்போது தலைகளை விட்டுவிட்டு முழங்கால்களை மட்டும் கவனியுங்கள். எலும்பே இல்லாதது போல் வளையும், ஆனால் பாதம் தாளத்தை விடாது.