டூல் மேல இருக்கற கருப்புப் படலத்த எமரி போட்டு எடுக்காதீங்க

பாலக்காடு கஞ்சிக்கோடு பக்கம், இரும்ப சூட்டுல உருட்டற ரோலிங் மில்லு, அடிச்சு உருவாக்கற ஃபோர்ஜிங் கம்பெனின்னு எந்த ஷெட்டுக்குள்ள போனாலும் ஷிப்ட் முடியற நேரத்துல ஒருத்தர் எமரி ஷீட்டோ கிரைண்டரோ வெச்சுகிட்டு செவந்த கம்பிய வெட்டற ஹாட் ஷியர் பிளேடயும், அதுக்கு உருவம் குடுக்கற டையயும் பளபளன்னு ஆக்கிட்டு இருப்பாரு, கேட்டா துரு சார், கிளீன் பண்றேன்னுவாரு. நல்ல எண்ணம்தாங்க, ஆனா அவரு எடுக்கறது துரு இல்ல, அந்த டூலக் காப்பாத்திட்டு இருக்கற படலம். எல்லையில இருக்கற வாளையாருக்கு ரெண்டு பக்கமிருந்தும், ஸ்டீல சூடாக்கி ஆறவெச்சு கெட்டிப்படுத்தற எங்க ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்புக்கு டூலு வருது, இப்படித் தேச்சுத் தேச்சு முனை மழுங்கின, சூட்டு வேலைக்குன்னே இருக்கற எச்13 ஸ்டீல் பிளேடுகளப் பாக்கறப்ப மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதான் எழுதறேன்.

செவந்த கம்பி 1000 டிகிரிக்கு கிட்ட சூட்டோட வந்து உரசும்போது டூல் மேல இருந்து பொடிப்பொடியா துகள் பேந்து வரும். அந்தச் சூட்டுல அது ஆக்சிஜனோட சேந்து ஆக்சைடா மாறிடும், மாறினது எல்லாமே வெளிய போயிடாது, கொஞ்சம் மேற்பரப்புல இருக்கற சின்னச் சின்னப் பள்ளத்துல தங்கி, கம்பி அழுத்த அழுத்த நசுங்கி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கண்ணாடி மாதிரி வழுவழுன்னு கருப்பா படிஞ்சிடும். கிளேஸ் லேயர்னு இதத்தான் சொல்றாங்க. இது நல்லா படிஞ்சிடுச்சுன்னா ஸ்டீலும் ஸ்டீலும் நேரா உரசறது கொறஞ்சு தேய்மானம் நல்லாவே எறங்கிடும். தகடு ஓட்டற ஹாட் ஸ்ட்ரிப் மில்லுகள்ல ஹைஸ்பீட் ஸ்டீல் ரோல் மேல இந்த மாதிரி ஆக்சைடு படலம் மெல்லிசா, ஒரே சீரா நிக்கணும்னே ரோல் கூலிங்க கவனிச்சு வெப்பாங்க, ஏன்னா தடிச்சுப்போனா உரிஞ்சு தகட்டுல அழுந்திடும்.

பில்லெட்டுல, அதாவது உருட்ட வர்ற ஸ்டீல் கட்டியில இருந்து உதுர்ற ஸ்கேல்ங்கற ஆக்சைடு செதில் வேற, அத ஏர் அடிச்சு எடுத்தே ஆகணும், இல்லேன்னா நடுவுல மாட்டி டூல கீறி எடுத்துடும். எது எதுன்னு சந்தேகமா இருந்தா டூல் ஆறினதும் துணியால அழுத்தித் தொடச்சுப் பாருங்க, வர்றது வரட்டும், ஒட்டிகிட்டு நிக்கறத விட்டுடுங்க.

படலம் தானா திட்டுத்திட்டா உரிஞ்சு உள்ள வெள்ளையா மெட்டல் தெரிஞ்சா அதுதான் ஆபத்து. அப்ப பெரும்பாலும் கோளாறு படலத்துல இல்ல, அடியில இருக்கற ஸ்டீல் இளகியிருக்கும். அடிமண்ணு அமுங்கிட்டா மேல தார் எவ்வளவு நல்லாப் போட்டாலும் ரோடு வெடிக்கத்தானே செய்யும். உரிஞ்ச ஆக்சைடு துண்டு கெட்டியானது, அதே நடுவுல உருண்டு டூல அரைக்க ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் தேய்மானம் படுவேகமா போகும்.

இங்கதான் பார்ட்டிங்க கிட்ட நான் மல்லுக்கட்டறது. "54 ஹெச்ஆர்சி குடுங்க, கெட்டியா இருந்தா தேயாது"ன்னு கேக்கறாங்க, ஹெச்ஆர்சிங்கறது ஹார்ட்னஸ் அளவு. எச்13ல அவ்வளவு வேணும்னா 500, 550 டிகிரி வாக்குலதான் டெம்பர் பண்ண, அதாவது கெட்டிப்படுத்தினத திரும்பச் சூடாக்கிப் பதமாக்க முடியும், மில்லுல அந்த முனை 600 டிகிரியத் தொட்டுச்சுன்னா உள்ள கெட்டித்தன்மை குடுக்கற நுண் கார்பைடு துகள் பெருத்துப்போயி ஹார்ட்னஸ் கடகடன்னு எறங்கிடும், பத்தாததுக்கு வெடிக்கறதுக்கும் வாய்ப்பு அதிகம். 46, 48 ஹெச்ஆர்சியில, கொஞ்சம் கூடுதல் சூட்டுல ரெண்டு தடவை டெம்பர் பண்ணினது சூட்டுல அதிக நாள் தாக்குப்பிடிக்கும். டூல எறக்கும்போதெல்லாம் முனைய ஒட்டி பக்கவாட்டுல ஒரே எடத்துல ஹார்ட்னஸ் பாத்து நோட்டுல எழுதி வைங்க, 40க்கு கிட்ட எறங்கிடுச்சுன்னா ரீகிரைண்ட் பண்ணி இளகின பாகத்த எடுத்துடுங்க.

விலை கம்மி, 12 சதவீதம் குரோமியம் இருக்கு ஆக்சிடைஸ் ஆகாதுன்னு கோயமுத்தூர்ல எச்சிஎச்சிஆர்ங்கற ஹை கார்பன் ஹை குரோமியம் ஸ்டீல வாங்கி ஹாட் ஷியருக்குப் போடறாங்க. அந்த குரோமியத்துல பெரும்பகுதி கார்பைடுக்குள்ள மாட்டிகிட்டு கெடக்கு, துருவத் தடுக்க மிச்சம் கம்மிதான், சூடும் தண்ணியும் மாறி மாறிப் பட்டா வெடிச்சிடும், வேண்டாங்க.

ஆரம்பிக்கும்போது டூல 200, 250 டிகிரிக்கு சூடாக்கிட்டு ஓட்டுங்க. சில்லுன்னு இருக்கற டூல்ல படலம் சீக்கிரம் உருவாகாது, முதல் கொஞ்ச நேரம் மெட்டலோட மெட்டல் உரசித்தான் ஓடும், எச்13 சில்லுன்னு இருந்தா அடி தாங்கறதும் கொறவு. அப்பறம் ஜூன் மாசம் பாலக்காடு கணவாய் வழியா மழை உள்ள வந்துச்சுன்னா, தரையில கெடக்கற டூல்ல செவப்பா பூக்கும் பாருங்க, அது நெஜமான துரு, அத எடுத்துட்டு எண்ணெய் தடவி மரப்பலகை மேல வைங்க.