அப்பளமாகாத தகடு

உவரியிலிருந்து நெல்லைக்கு மீன் ஏற்றி வரும் வண்டிகளுக்கு ஆயுசு குறைவு. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் தகட்டை அரித்துத் தின்றுவிடும். அப்படிக் கதவடியில் உள்ளங்கை அகலம் ஓட்டை விழுந்த வேன் ஒன்று, தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் டிங்கர் வேலைக்கு நின்றது. துருப்பிடித்ததை வெட்டி எடுத்து, புதுத் துண்டைப் பொருத்தி, மேஸ்திரி பொட்டு அளவுக்கு ஒரு டேக், அதாவது சின்ன வெல்டிங் புள்ளி, வைத்தார். அடுத்தது பக்கத்தில் இல்லை, எதிர்மூலையில். நடுநடுவே கை வைத்துச் சூடு பார்த்தார்.

"ஒரே இழுப்பா வெல்டிங்கை இழுத்துரலாமே அண்ணாச்சி?" என்றேன்.

"இழுத்தா அப்பளமா நெளிஞ்சிரும்லா!"

கார்த் தகட்டின் கனமே முக்கால் மில்லிமீட்டர் சுமார்தான். 10 செ.மீ. நீளம் 500 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கும். சுற்றியுள்ள சூடேறாத தகடு விடாது. நீள வழியில்லாமல், இளகிய இரும்பு தனக்குள்ளேயே அமுங்கித் தடிக்கும். வில்லங்கம் ஆறும்போதுதான். தடித்தது தடித்தபடியே இருக்க, நீளம் பழைய அளவைவிடக் குறைந்து அக்கம்பக்கத்தை இழுக்கும். துணியில் ஒரு நூலை உருவினால் சுற்றிலும் சுருங்குமே, அதே கதை. இடம் மாற்றி, ஆறவிட்டு டேக் வைத்தால் சூடு ஓரிடத்தில் சேராது.

அப்புறம் கிரைண்டர், பிறகு பட்டி. இது வெறுமனே காய்ந்து இறுகுவதல்ல, வேதிவினையால் இறுகுவது. பாலியெஸ்டர் பிசினும் டால்க் பொடியும் சேர்ந்த பசை. 100 கிராமுக்கு சுமார் 2 கிராம் ஹார்டனர் கலந்ததும் அதிலுள்ள பெராக்சைடு உடைந்து, பிசினின் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட வைக்கும். கலந்த மிச்சத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்றிருந்தது. சித்திரை வெயிலில் வினை இன்னும் வேகம். பூசி முடிப்பதற்குள் கல்லாகிவிடும். அவசரப்பட்டு ஹார்டனரைக் கூட்டினால் பெயின்ட்டுக்கு மேலே கறை ஏறும்.

பட்டி மேடுபள்ளம் நிரவ மட்டுமே. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஆகாது. இது எனக்குப் பட்ட பிறகுதான் தெரிந்தது. பளபளவென்றிருந்த பழைய கார் ஒன்று வாங்கினேன். ஐப்பசி மழையில் சக்கரத்துக்கு மேலே விரல் தடிமனுக்குப் பட்டி பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. துருவின் மேலேயே பூசியிருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். துருவோ, கரைந்த இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். பட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வராமல் என்ன செய்யும்? இப்போதெல்லாம் பழைய வண்டி பார்க்கப் போனால் துணி சுற்றிய காந்தம் ஒன்று என் பையில் இருக்கும். பட்டி தடித்த இடத்தில் அது ஒட்டாது.

வேனின் கதவுக்கு உட்பக்கம் வெல்டிங் சூட்டில் பெயின்ட் கருகியிருந்தது. வெளியே எவ்வளவு மினுக்கினாலும் அடுத்த துரு அங்கிருந்துதான் கிளம்பும். உள்ளே ஒரு கோட்டிங் அடிக்காமல் வண்டியை விடமாட்டேன் என்று மேஸ்திரி நின்றார். டிரைவருக்கோ ராத்திரி லோடுக்கு உவரி போகிற அவசரம்.