கோப்பு: ஃபைலுக்குள் ஓடும் நூல்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பைத் தாண்டி உள்ளே போனால் எங்காவது ஒரு சன்னலில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். கீழே வட்டமாக ஒரு மரக்கட்டை, மேலே கொக்கி. கரண்ட் பில், பால் கணக்கு, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணக் கடிதம் எல்லாம் அதில் குத்தி வரிசையாக ஏறியிருக்கும். எங்கள் வீட்டுக் கம்பியின் அடியில், மேலே உள்ளதை எல்லாம் கழற்றாமல் எடுக்கவே முடியாதபடி, ஐயா காலத்துத் தபால் அட்டைகள் இன்னும் கிடக்கின்றன. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் பழகிப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, ஃபைல் என்பது இந்தக் கம்பிதான் என்று. உவமைக்குச் சொல்லவில்லை, சொல்லின் நேர்ப்பொருளே அது.

லத்தீனில் 'ஃபீலும்' என்றால் நூல், இழை. அதிலிருந்து பிரெஞ்சில் 'ஃபில்', அப்புறம் காகிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைப்பதற்கு 'ஃபிலே'. ஆங்கிலத்துக்கு வந்தபோது, 16ஆம் நூற்றாண்டில், கோக்கப் பயன்பட்ட அந்தக் கம்பியையே ஃபைல் என்றார்கள். பிறகு கோத்த கட்டுக்குப் பெயரானது, பிறகு காகிதம் வைக்கும் அட்டைக்கு, கணினிக்குத் துளையிட்ட அட்டைகளில் தரவு கொடுத்த காலத்தில் அந்த அட்டைக் கட்டுக்கு, கடைசியில் கணினி வட்டில் இருக்கும் தரவுக்கு. (இரும்பை ராவுகிற அரத்துக்கும் ஆங்கிலத்தில் ஃபைல் என்றுதான் பெயர். அது வேறு வேர், இதற்கும் அதற்கும் உறவில்லை.)

தமிழில் கோப்பு. காத்தல் காப்பு ஆனதுபோல, யாத்தல் யாப்பு ஆனதுபோல, கோத்தல் கோப்பு ஆனது. பாசி கோப்பது, பூக் கோப்பது, கைகோப்பது எல்லாம் இதே 'கோ'தான். பேச்சில் கோர்த்து என்று ஒரு 'ர்' நுழைந்துவிட்டது, எழுதும்போது கோத்து என்பதே சரி. பாடல்களை வரிசைப்படுத்திக் கோத்த சிற்றிலக்கியத்துக்குக் கோவை என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான். நம்மிடம் ஓலைச்சுவடி இருந்ததால் இந்தப் பொருள் கைக்கும் பழக்கமானது: சுவடியில் இரண்டு துளை இருக்கும், ஒன்றில் கயிறு ஓடும், மற்றதில் நாராசம் என்ற கம்பியோ குச்சியோ செருகுவார்கள். 'நாராசமாகக் காதில் விழுந்தது' என்கிறோமே, காய்ச்சிச் செருகிய அந்த நாராசம்தான்.

ஆக கோப்பு என்ற சொல்லில் ஒட்டவைத்த மொழிபெயர்ப்பு வாடை எனக்கு அடிக்கவில்லை. இரண்டு மொழியும் ஒரே காரியத்தைப் பார்த்து ஒரே நூலைப் பிடித்திருக்கின்றன. இந்த நூலை மனத்தில் வைத்துக்கொண்டு கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால் பல விஷயம் தானாக விளங்கும். திரையில் தெரிகிற மஞ்சள் உறைப் படத்தை நம்பினால் குழப்பம்தான்.

ஏனென்றால் அந்தப் படம் குறிக்கிற டைரக்டரி என்பது உறையே அல்ல. லினக்ஸ் போன்ற, யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த அமைப்புகளில் அது ஒரு பட்டியல், இந்தப் பெயருக்கு இந்த எண் என்று மட்டும் சொல்லும். பெயர்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையோடு சிறிய 'ஐ' சேர்த்து அடித்துப் பாருங்கள், பெயருக்கு முன்னால் அந்த எண் வரும். எண் காட்டுவது கோப்பின் விவரக் குறிப்பான ஐநோடை. அளவு, உரிமை, தேதி, தரவு வட்டில் எங்கே கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. ஐநோடில் வரும் 'ஐ' எதற்கு என்று கேட்டபோது, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியே 'இண்டெக்ஸ்' ஆக இருக்கலாம் என்று ஊகமாகத்தான் சொன்னார். அவருக்கே ஊகம் என்றால் நாம் ஏன் மெனக்கெட்டுத் தமிழாக்க வேண்டும், ஐநோடு என்றே இருக்கட்டும். டைரக்டரிக்கு மட்டும் அடைவு என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்வேன். நூலின் கடைசியில் சொல்லடைவு போடுகிறார்களே, அந்த அடைவு. கோப்புறை என்றால் உள்ளே ஏதோ இருப்பதுபோல் ஆகிவிடுகிறது.

மாலையாகப் பார்த்தால் மணி ஐநோடு, நூல் பெயர். இன்னொரு பெயர் வைக்கும் 'எல்என்' கட்டளையை அடித்தால் அதே மணியை இன்னொரு நூலிலும் கோக்கிறோம், மணி இரண்டாவதில்லை. அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' அடித்தால் நூலை அறுக்கிறோம், அவ்வளவுதான். உள்ளே கணினி செய்கிற வேலைக்குப் பெயரே 'அன்லிங்க்'. எல்லா நூலும் அறுந்து, திறந்து வைத்திருக்கும் நிரலும் கையை விட்ட பிறகே அந்த இடம் காலியாகும். இது தெரியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன். தேவகோட்டையில் உறவினர் கடையின் கணினியில் வட்டு நிரம்பிவிட்டது, பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை அழித்தேன், கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியூ' குறைத்துக் காட்டியது, வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் 'டிஎஃப்' நூறு சதவீதத்திலேயே நின்றது. டியூ அடைவுகளில் நடந்து கூட்டுகிறது, டிஎஃப் வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையிடமே கேட்கிறது. கடை மென்பொருள் அந்தக் கோப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று அடித்திருந்தால் பெயரறுந்தும் திறந்திருக்கும் கோப்புகள் பட்டியலாக வந்திருக்கும். விடியற்காலையில் அந்த மென்பொருளை நிறுத்தித் தொடங்கியதும் இடம் திரும்பியது.

இப்போது எஃப்எஸ்சிகே. ஃபைல் சிஸ்டம் செக் என்பதன் சுருக்கம், நான் கோப்பு முறைமைச் சரிபார்ப்பு என்பேன். இதை விளக்க எங்கள் ஆயா போதும். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பூட்டும் கழுத்துரு தங்க உருப்படிகளை நூலில் கோத்தது. நூல் நைந்துவிட்டால் ஆயா வளவில் வெள்ளை வேட்டியை விரித்து, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, சிட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். சிட்டையில் இருந்து வேட்டியில் இல்லாதது எது, வேட்டியில் இருந்து சிட்டையில் ஏறாதது எது. எஃப்எஸ்சிகே செய்வது இதையேதான். எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை உள்ள வட்டில் அது ஐந்து சுற்று ஓடும், நான்காவது சுற்றில் ஒவ்வொரு ஐநோடும் தன்மேல் இத்தனை பெயர் இருப்பதாகச் சொல்லும் கணக்கும் அடைவுகளில் உண்மையில் இருக்கும் பெயர்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும்.

"கழுத்துல கெடக்கயில கோக்க முடியுமாடா?" என்பார்கள் ஆயா. முடியாது. ஏற்றியிருக்கும் வட்டில், அதாவது 'மவுண்ட்' செய்து பயன்பாட்டில் இருக்கும் வட்டில், எஃப்எஸ்சிகே ஓட்டக்கூடாது, முதலில் 'யூமவுண்ட்' செய்து இறக்க வேண்டும் ('அன்மவுண்ட்' என்பதில் ஒரு 'ன்' 1971லேயே காணாமல் போய்விட்டது). இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு பக்கம் எழுத, எஃப்எஸ்சிகே மறு பக்கம் திருத்தினால் இருக்கிற நூலும் சிக்காகிவிடும். கணினியே கிளம்புகிற வேர்க் கோப்பு முறைமை பழுதென்றால் பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பிக்கொண்டு பார்க்க வேண்டும். பயமாக இருந்தால் 'என்' சேர்த்து ஓட்டுங்கள், எதையும் தொடாமல் பார்த்து மட்டும் சொல்லும். ஜர்னல் வந்த பிறகு, அதாவது லினக்ஸில் 2001இல் எக்ஸ்ட்3 வந்த பிறகு, கரண்ட் போய் வந்தாலும் பெரும்பாலும் முழுச் சரிபார்ப்பு தேவைப்படுவதில்லை. வட்டிக்கடையில் முதலில் நாள்குறிப்பில் எழுதி அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார்களே, அந்த முறைதான். குறிப்பேடு என்று சொன்னால் எங்கள் ஊரில் விளக்கமே வேண்டாம்.

சிட்டையில் இல்லாத மணி கிடைத்தால் எஃப்எஸ்சிகே அதைத் தூக்கிப் போடாது, 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற அடைவில் வைக்கும். நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் உதிரி. பெயர் அறுந்துபோன கோப்பு என்பதால் அங்கே ஒரு '#' குறியும் ஐநோடு எண்ணும்தான் இருக்கும். அதே கடையில் யூபிஎஸ் காலை வாரிய ஒரு நாள் 43 உதிரி கிடைத்தது. ஒவ்வொன்றும் படமா, கணக்கா, வெறும் குப்பையா என்று கேட்டுச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது, அதன் பெயரும் 'ஃபைல்' தான். அதை ஓட்டிப் பார்த்து, 43இல் ஏழு கணக்குக் கோப்புகளை மட்டும் எடுத்துப் பழைய பெயரில் கோத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.